சத்தம் நாலுக்கு மேல் போகக் கூடாது

பகலில் மகனை எங்களிடம் விட்டுப்போகும் பேங்க் மேடம் அந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்த நாளிலிருந்து அம்மா வீட்டுக்குள்ளேயே மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

உருண்டையாக, சாம்பல் நிறத் துணி போர்த்திய சாமான் அது. கூடவே ஒரு தாளும் வந்தது. காலை ஒன்பதிலிருந்து பத்து வரை துள்ளல் இசை. பத்திலிருந்து பதினொன்று வரை கருவி இசை மட்டும், பாட்டு வரிகள் கூடாது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தூக்க இசை. சத்தம் நாலுக்கு மேல் போகக் கூடாது. ஓரத்தில் தினமும் நிரப்ப வேண்டிய கட்டம்: ‘குழந்தை எப்படி வரவேற்றது?’

“மூளை வளர்ற வயசு ஆயா இது,” என்றார் மேடம். “மூணு வயசுக்குள்ள காதுல என்ன விழுதோ, அதுதான் கடைசி வரைக்கும்.”

“அப்படிங்களா மேடம்,” என்றாள் அம்மா.

என் காதில் மூன்று வயதுக்குள் என்ன விழுந்தது என்று யோசித்துப் பார்த்தேன். அடுத்தவர் பிள்ளைகளின் அழுகை. மேல்வீட்டு மிக்ஸி. அப்பா ஓட்டும் லாரி பின்னால் வரும்போது போடும் கீக் கீக். மேடம் சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

“எழுதறதெல்லாம் உங்க பொண்ணு பாத்துக்கட்டும். படிச்ச பொண்ணுதானே, சும்மாதான இருக்கு.”

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூன்று வருடம் படித்தது புள்ளியியல். கடைசியில் வந்து நிற்பது பிள்ளையியலில். படித்து முடித்து பதினான்கு மாதம் ஆகிறது. அந்தப் பதினான்கு மாதமும் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை அம்மாவோடு சேர்ந்து ஐந்து பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, சோறு ஊட்டி, ஜட்டி மாற்றிக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பெயர் சும்மா.

ஐந்து பேருக்கும் அம்மா வைத்த பெயர்கள்தான் வீட்டில் புழக்கம். மேடத்தின் மகன் எப்போதும் விரலை நீட்டி எதையாவது உத்தரவு போடுவான், அதனால் குட்டி மேனேஜர். தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடும் பெண் குழந்தை எறும்பு. அழ ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கிறவன் சைரன். மீதி இரண்டும் ரெட்டை. மூன்றரை வயது, இரண்டும் பெண்கள், எது எது என்று அவர்களைப் பெற்றவளுக்கே சில நாள் தடுமாறும்.

ஸ்பீக்கருக்குப் பாட்டு என் போனிலிருந்துதான் போக வேண்டும். வீட்டில் அந்த மாதிரி போன் ஒன்றுதான் இருக்கிறது. அம்மாவுடையது பட்டன் போன். மேடம் அனுப்பிய பாட்டுப் பட்டியலை என் போனில் ஏற்றி, ஒருமுறை இரண்டையும் கோர்த்துவிட்டேன். அதன்பிறகு நான் வீட்டுக்குள் வந்தாலே அது ‘டிங்’ என்று தானாக ஒட்டிக்கொள்ளும், சைரன் என் காலில் ஒட்டிக்கொள்வது மாதிரி.

அம்மாவுக்கு அந்த ‘டிங்’ பிடிக்கவில்லை.

“இது நம்ம பேசறத ஒட்டுக் கேக்குமாடி?”

“பாட்டுப் பெட்டிம்மா அது.”

“இல்லடி, மேடம் ஆபீஸ்ல உக்காந்துட்டு இது வழியா கேட்டுட்டு இருந்தாங்கன்னா? புள்ளைய அதட்டறமா, சோறு நேரத்துக்குக் குடுக்கறமான்னு?”

“உன் குரலக் கேக்கறதுக்கா அவங்க பேங்க்ல உக்காந்திருக்காங்க?”

“உனக்கென்ன, சொல்லிருவ.” அன்றிலிருந்து ஸ்பீக்கர் பக்கம் போனாலே அம்மாவுக்குக் குரல் மாறிவிடும். “சைரா, அடிக்கக் கூடாது கண்ணா, தப்பு கண்ணா,” என்பாள். சமையலறைக்குள் வந்து, “எருமை, எருமை, கடிச்சே வெச்சுட்டான்,” என்று கையைத் தேய்த்துக்கொள்வாள்.

நான் கட்டங்களை நிரப்பினேன். ‘குழந்தை எப்படி வரவேற்றது?’ தூங்கினான். மூக்கு நோண்டினான். ஸ்பீக்கரைப் பார்த்து விரல் நீட்டி “நிறுத்து” என்றான். மேடம் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “கொஞ்சம் விளக்கமா எழுதும்மா,” என்றார். அதன்பிறகு ‘மிகவும் ஆழ்ந்த கவனம்’ என்று எழுதினேன். அன்று அவன் எறும்பின் செருப்பை நக்கிக்கொண்டிருந்தான், மிகவும் ஆழ்ந்த கவனத்தோடு.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தூக்க இசை வேலை செய்தது. பியானோ மாதிரி ஏதோ ஒன்று டொய்ங் டொய்ங் என்று இழுக்கும். இரண்டாவது டொய்ங்கில் சைரன் கண் சொருகும். பத்து நிமிடத்தில் ஐந்தும் பாயில் கவிழ்ந்துவிடும். மூளை வளர்ந்ததா தெரியாது, அம்மாவால் காலை நீட்டி உட்கார முடிந்தது.

இந்த நிலைமையில்தான் எனக்கு இன்டர்வியூ வந்தது.

காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். நூற்றுப் பத்து விண்ணப்பம் போட்டிருப்பேன், இது ஒன்றுதான் இன்டர்வியூ வரைக்கும் வந்தது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ‘உங்கள் வீட்டில் சத்தமில்லாத தனி அறை உள்ளதா?’ ஆம் என்று டிக் அடித்தேன். உள்ளே ஒரு அறை இருக்கிறது, பொய் இல்லை. முன்னறைக்கும் அதற்கும் நடுவில் அப்பா லாரியில் கொண்டுவந்த பலகைகளை வைத்து அடித்த தடுப்பு இருக்கிறது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் முகத்தைத் துடைக்கலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். கணக்காகத் திட்டம் போட்டேன். ஒரு மணிக்குத் தூக்க இசை. ஒன்று ஐம்பத்தைந்துக்கு இசையை நிறுத்திவிட வேண்டும், அதற்குள் நல்ல தூக்கத்தில் இருப்பார்கள். எப்படியும் மூன்று வரை எழ மாட்டார்கள்.

“நீ வாயத் திறக்காத, இருமாத, பாத்திரம் தொடாத,” என்று அம்மாவிடம் சொன்னேன்.

“மூச்சு விடலாமா பட்டதாரியம்மா?”

“மெதுவா.”

அப்படியே நடந்தது. இசையை நிறுத்தினேன், ஒருவரும் அசையவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தலை வாரி, வாரத் தேவையில்லை என்று தெரிந்தும் வாரி, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாக இரண்டுக்கு அடித்தது.

“வணக்கம் சார்,” என்றேன்.

பதில் இல்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. “சார், கேக்குதா சார்?” ஒன்றும் இல்லை. சிக்னல் சரியில்லை என்று ஜன்னலைத் திறந்தேன். கட்டில் மேல் ஏறினேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா யாரிடமோ பேசுவது கேட்டது. சொல்லச் சொல்லக் கேட்காமல் மேல்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கதை பேசுகிறாள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. கட்டில் மேல் நின்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “ஹலோ, ஹலோ,” என்று கூரையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது முன்னறையில் ஒரு ஆண் சிரித்தான்.

எங்கள் வீட்டில் பகலில் ஆண் கிடையாது. அப்பா சனி இரவுதான் வருவார். கதவைத் திறந்தேன்.

அம்மா ஸ்பீக்கருக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, கைகளை மடியில் கோர்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. ஸ்பீக்கர் பேசிக்கொண்டிருந்தது.

“கோபமா கத்தறவங்க வந்தா எப்படி சமாளிப்பீங்க?”

“கத்த விட்டுருவேங்க. நடுவுல பேசினா இன்னும் கத்தும். கத்தி முடிச்சதும் கொஞ்சம் தண்ணி குடுத்து, என்னாச்சுன்னு கேட்டா அதுவே சொல்லிரும்.”

“அருமை,” என்றது ஸ்பீக்கர். “நீங்க வேலை செய்யற இடம் அமைதியா இருக்குமா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனும் ஸ்பீக்கரும் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. நான் நிறுத்தியது இசையை மட்டும். அவர்கள் குரல் அதில் வருகிறது, அதிலேயே மைக்கும் இருக்கிறது. ஓடினேன். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

“பொய் சொல்லக் கூடாதுங்க. அஞ்சு புள்ளைங்க இருக்கு. சத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனா நீங்க குடுத்த பாட்ட நேரம் தவறாம போடறோம், சத்தம் நாலுக்கு மேல வெக்கறதே இல்ல. கேட்டுட்டே தூங்கிரும்.”

“என்ன பாட்டு?” என்றது ஸ்பீக்கர்.

“சார், நான்தான் சார், அது எங்க அம்மா சார்!” என்று கத்தினேன். நாலுக்கு மேல். சைரன் எழுந்தான். அவன் எழுந்தால் யார் தூங்க முடியும்? ஐந்தும் எழுந்து ஐந்து ராகத்தில் பிடித்தன. ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் அழுத்தி, உள்ளறைக்கு ஓடி, கதவைச் சாத்தினேன். சாத்தி என்ன பயன்.

இப்போது ஒரு பெண் குரல். “படிவத்துல சத்தமில்லாத தனி அறைன்னு டிக் பண்ணியிருக்கீங்க.”

“பண்ணேன் மேடம்.”

“இல்லையே.”

“இல்லன்னு போட்டிருந்தா கூப்பிட்டிருப்பீங்களா?”

“மாட்டோம்,” என்றார்.

“அதான் போட்டேன். இந்தச் சத்தத்துல உக்காந்துதான் மூணு வருஷப் பரீட்சைக்கும் படிச்சேன். வகுப்புல மூணாவதா வந்தேன். சத்தத்துல எனக்கு வேலை ஓடும் மேடம், உங்க வாடிக்கையாளருக்குத்தான் கேக்கக் கூடாது.”

அந்த ஆண் குரல் மறுபடி சிரித்தது. அப்புறம் இருபது நிமிடம் என்னைக் கேட்டார்கள், நானும் சொன்னேன். கடைசியில் அந்தப் பெண் சொன்னார்: “எங்களுக்கு ஓகே. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. அஞ்சு மணிக்குள்ள உங்க அறையிலருந்து ஒரு நிமிஷ ஒலிப்பதிவு அனுப்பணும். இணைப்பு வரும். மூணு தடவைதான் முயற்சி பண்ணலாம். தேறினா திங்கட்கிழமை சேரலாம்.”

“அம்மாகிட்ட சொல்லுங்க,” என்றார் அந்த ஆள், “கத்த விடறது நல்ல பதில்.”

என் இன்டர்வியூவில் பாராட்டு வாங்கியது அம்மா.

வெளியே வந்தேன். அம்மா எறும்பை இடுப்பிலும் சைரனைத் தோளிலும் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“யாருன்னு கேக்காமலே பேசுவியா நீ?”

“மேடத்தோட ஆளுங்கன்னு நினைச்சேன்டி. இடத்த சோதிக்கறாங்களாக்கும்னு.”

“அஞ்சு புள்ளைங்கன்னு ஏன் சொன்ன?”

“பின்ன, மேடத்துக்குத் தெரியாதா அஞ்சுன்னு? பொய் சொல்லி மாட்டிக்கவா?”

“என் வேலை போகப் போகுது.”

அம்மா தட்டுவதை நிறுத்தினாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “உங்களப் பத்தி சொல்லுங்கன்னாருடி. இத்தன வருஷத்துல யாரும் என்கிட்ட அப்படிக் கேட்டதில்ல. வாய் தானா சொல்லிருச்சு.”

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. இந்த மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டால் நான் எங்கே போய்க் கத்துவது? நியாயமான கோபத்தைக்கூட முழுசாக வைத்துக்கொள்ள விடுவதில்லை இந்த வீட்டில்.

இணைப்பு வந்தது. விதிமுறைகளும் வந்தன. பின்னணியில் தொலைக்காட்சி, இசை, மனிதக் குரல், வளர்ப்புப் பிராணிகள் இருக்கக் கூடாது. அலமாரியில் ஒட்டியிருந்த மேடத்தின் தாள் இசை இருந்தே ஆக வேண்டும் என்றது. கையிலிருந்த தாள் இசை இருக்கவே கூடாது என்றது. இரண்டையும் படிக்கத் தெரிந்தவள் இந்த வீட்டில் நான் ஒருத்தி. இதற்குத்தான் படிக்க வைத்தார்கள்போல.

“தூங்க வெச்சுரலாம்,” என்றாள் அம்மா.

பாதித் தூக்கத்தில் எழுந்த பிள்ளைகள் தூங்கவில்லை. ஆனால் டொய்ங் டொய்ங்கைப் போட்டதும் பேச்சு நின்றது. பாயில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்கள். சத்தத்தை நாலிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தேன். உள்ளறை மூலையில், போர்வைக்குள், அம்மாவின் பட்டன் போனில் நேரம் பார்த்துக்கொண்டு என் போனில் பதிவு செய்தேன். அனுப்பியதும் பதில் வந்தது: ‘பின்னணி இசை கண்டறியப்பட்டது. மீதி வாய்ப்பு: 2.’

மெஷினுக்கும் காது கேட்கிறது. ஒன்றில் வைத்ததுகூட.

இரண்டாவது தடவை இசை இல்லை, பிஸ்கட். வாயில் இருக்கும்வரை பேச முடியாது என்பது அம்மாவின் யோசனை. ஆளுக்கு இரண்டு. “யாரு கடைசி வரைக்கும் பேசாம இருக்காங்களோ அவங்களுக்கு இன்னொண்ணு,” என்று கிசுகிசுத்தாள். நாற்பத்தெட்டு நொடி வரை கறுக் முறுக்கைத் தவிர ஒன்றும் இல்லை. நாற்பத்தொன்பதாவது நொடியில் குட்டி மேனேஜர், “நான் பேசல!” என்று அறிவித்தான்.

‘மனிதக் குரல் கண்டறியப்பட்டது. மீதி வாய்ப்பு: 1.’

மணி நாலு இருபது. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்தவள். பேசாமல் அந்தப் போனைத் தூக்கித் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டுப் படுத்தால் என்ன என்று இருந்தது. இன்னொரு நூற்றுப் பத்து விண்ணப்பம் போடலாம். இன்னொரு பதினான்கு மாதம் ஜட்டி மாற்றலாம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். முன்னறைக்குப் போய், “வாங்கடா கண்ணுங்களா, ஊர்வலம் போலாம்,” என்றாள். ஒரு துப்பட்டாவை எடுத்து பிள்ளைகளை அதைப் பிடிக்கச் சொன்னாள். செருப்புத் தேட நேரமில்லை. எறும்பைத் தூக்கிக்கொண்டு, மற்ற நான்கையும் துப்பட்டாவோடு கோர்த்து, மாடிப்படியில் இறக்கினாள். படிக்கு ஒரு நிமிடம் ஆனது.

“சத்தம் மேல வந்துரப் போவுது, வாயில விரல் வைங்க பாப்போம்,” என்று சொல்வது கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

ஜன்னலைச் சாத்தினேன். பிரிட்ஜைப் பிடுங்கினேன். மின்விசிறியை அணைத்தேன். கடிகாரத்தைக் கழற்றிச் சோற்றுப் பானைக்குள் வைத்து மூடினேன். கட்டிலில் உட்கார்ந்து பதிவை அழுத்தினேன்.

இருபத்துமூன்று வருடம் இந்த வீட்டில் இருந்திருக்கிறேன். ஒரு நிமிடம்கூட இப்படி இதைக் கேட்டதில்லை. ஒன்றுமே இல்லை. காதுக்குள் என் ரத்தம் ஓடும் இரைச்சல் மட்டும். இப்படி ஒரு இடத்தில் படித்திருந்தால் மூன்றாவதாக வந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. இப்படி ஒரு இடத்தில் வளர்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடுதான் நான் பரீட்சை எழுதினேன் என்றும் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பல் கடிக்கும் சத்தம் பதிவாகிவிடுமோ என்று அதையும் விட்டேன்.

அறுபது.

அனுப்பினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை எழுத்தில்: ‘ஏற்கப்பட்டது. பணியில் சேரும் நாள்: திங்கட்கிழமை. வேலை நேரம்: 9 முதல் 5.’

ஜன்னலைத் திறந்தேன். கீழே, எதிர்ச்சுவரின் ஒரு முழ நிழலில், அம்மா வரிசையாக நின்றிருந்தாள், ஐந்து பிள்ளைகளோடு. வெயிலில் சூடேறிய தரைக்கு ரெட்டை இரண்டும் காலை மாற்றி மாற்றி வைத்தன. ஆறு பேரும் வாயில் விரல் வைத்திருந்தார்கள். தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இரண்டு பேர் பைக்கை நிறுத்தி என்னவோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவே அலறிக்கொண்டிருந்தது, இவர்கள் ஆறு பேர் மட்டும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள்.

இறங்கிப் போனேன். அம்மா விரலை எடுக்காமலே புருவத்தைத் தூக்கினாள்.

“ஆச்சும்மா.”

“வேல?”

“கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேரணும்.”

அம்மாவின் முகம் விரிந்தது. என் கன்னத்தை எச்சில் கையோடு வழித்தாள். “பாத்தியா! இவ்ளோதான! இதுக்கா மூஞ்சத் தூக்கி வெச்சுட்டு உக்காந்த? எம் புள்ளைங்க எப்படி நின்னுச்சு பாரு. சைரன்கூட வாயத் தொறக்கலடி.”

“ம்மா.”

“என்னடி?”

“காலைல ஒம்போதுலருந்து சாயந்தரம் அஞ்சு வரைக்கும். தினமும். இப்ப இருந்த மாதிரியே இருக்கணும்.”

அம்மா எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தாள். அதன் நிழலைப் பார்த்தாள். காலையில் அது எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போடுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. பேங்க் மேடத்தின் மேல், அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் மேல், எல்லோரையும்விட அம்மாவின் மேல் கோபம் வந்தது. பிள்ளைகளை அனுப்பிவிடு என்று சொல்ல முடியாது, அதில்தான் வீடு ஓடுகிறது. வேலை வேண்டாம் என்று சொல்ல முடியாது, நான் சொல்லவும் மாட்டேன். இரண்டில் ஒன்று என்று இரண்டு பேருக்குமே தெரியும். யார் முதலில் சொல்வது என்பதுதான் பாக்கி.

ரெட்டையில் ஒருத்தி விரலைக் கொஞ்சம் நகர்த்தினாள். காற்று மாதிரிக் கேட்டாள்.

“இப்போ பேசலாமா?”

அம்மாவும் என்னைத்தான் பார்த்தாள், விரல் பாதி இறங்கிய நிலையில், அனுமதி கேட்கிற மாதிரி.

“பேசுங்க,” என்றேன். “கத்துங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமைதான்.”